12 சேனல் மிக்ஸர், ஆனா ரெண்டே ட்ராக்!

மிக்ஸர்னு சொன்னதும் ஓமப்பொடியும் வேர்க்கடலையும் ஞாபகம் வந்தா நீங்க நம்ம ஆளு. ஆனா இது அந்த மிக்ஸரைப் பத்தின கட்டுரை இல்லை. கோயில் கொடையிலயும் கல்லூரி விழாவிலயும் மேடை ஓரத்துல, மைக்செட் அண்ணன் முன்னாடி வரிசை வரிசையா நாப்களோட உட்கார்ந்திருக்குமே, அந்த ஆடியோ மிக்ஸர். நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வெச்சிருக்கீங்க, அதை ஒழுங்கா ரெக்கார்ட் பண்ண குறைஞ்ச செலவுல ஒரு மிக்ஸர் வாங்கணும்னு நினைக்கிறீங்கன்னா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க. நாங்க எதையும் படிக்காம போய் வாங்கினோம்.

கதை சின்னதுதான். நாங்க ஆறு பேர். பாட்டுக்கு ரெண்டு பேர், வயலின், மிருதங்கம், கீபோர்டு, அக்குஸ்டிக் கிட்டார். அதுல முதன்மையா பாடுற அக்காவும் மிருதங்கம் வாசிக்கிற அண்ணாவும் இறுதியாண்டு. மே மாசம் ரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள எங்க சொந்தப் பாட்டு நாலையும் பதிவு பண்ணி வெச்சுக்கணும்னு ஆசை. ஆளுக்கு 2,000 போட்டு 12,000 ரூபாய் சேர்த்தோம். கடைக்குப் போனோம். பெட்டி மேல பெருசா "12 சேனல், யூஎஸ்பி" னு போட்டிருந்தது. ஆறு பேருக்குப் பன்னிரண்டு சேனல், ஆளுக்கு ரெண்டு, அப்புறம் என்ன வேணும்? மறுபேச்சு பேசாம வாங்கிட்டு வந்துட்டோம். மைக்கெல்லாம் தெரிஞ்ச மைக்செட் அண்ணன்கிட்ட இரவல்.

ஒரு ஞாயித்துக்கிழமை செமினார் ஹாலுக்கு அனுமதி வாங்கி நாலு மணி நேரம் பாடி வாசிச்சோம். அக்கா மூணாவது பாட்டைப் பாடின மாதிரி அதுக்கு முன்னாடியும் பாடினதில்லை, பின்னாடியும் பாடினதில்லை. ராத்திரி ஹெட்போன்ல கேட்டா, அதே மூணாவது பாட்டுலதான் மிருதங்கம் குரலை மூடிக்கிட்டு நிக்குது. நான் பதறவே இல்லை. "அதுக்கென்ன, மிருதங்கத்தோட ட்ராக்கை மட்டும் கொஞ்சம் குறைச்சிடலாம்" னு சொல்லி லேப்டாப்பைத் திறந்தேன். திரையில இருந்தது ரெண்டே ரெண்டு அலை. இடது ஒண்ணு, வலது ஒண்ணு. ஆறு பேரும் அந்த ரெண்டுக்குள்ள சாம்பார்ல கரைஞ்ச உப்பு மாதிரி கலந்து கிடந்தோம். உப்பை மட்டும் தனியா எடுக்க எந்த சாஃப்ட்வேரும் எங்களுக்கு ஒழுங்கா உதவலை. அடுத்த வாரம் ஸ்டடி ஹாலிடேஸ். அவ்ளோதான்.

மிக்ஸர்ல எந்தக் கோளாறும் இல்லை. அது பண்ண வேண்டியதைத்தான் பண்ணுச்சு. மிக்ஸர்னாலே கலக்குறதுதானே! எங்களுக்குத்தான் எதை எண்ணணும்னு தெரியலை.

பெட்டி மேல இருக்கிற எண்ணை நம்பாதீங்க

ஒரு மிக்ஸரை வாங்கும்போது மூணு எண்கள் இருக்கு. பெட்டி மேல போட்டிருக்கிற சேனல் எண்ணிக்கை முதல் எண். இதுக்கு மதிப்பு ரொம்பக் கம்மி. எத்தனை மைக்கை நேரா சொருகலாம்ங்கிறது ரெண்டாவது. எத்தனை தனித்தனி ட்ராக் கம்ப்யூட்டருக்குப் போகும்ங்கிறது மூணாவது. ரெக்கார்டிங்குக்கு முக்கியம் கடைசி ரெண்டும்தான்.

உதாரணத்துக்கு யமஹா எம்ஜி10எக்ஸ்யூ. நல்ல மிக்ஸர், நிறைய கல்லூரிகள்ல பார்க்கலாம். பேர்ல 10 இருக்கு. ஆனா மைக் சொருக 4 இடம்தான். மிச்ச ஆறும் மூணு ஸ்டீரியோ ஜோடிகள்; கீபோர்டு, போன், லேப்டாப் மாதிரி ஏற்கெனவே பலமான சிக்னல் தர்ற சாமான்களுக்கு. பெரிங்கர் எக்ஸ்1204யூஎஸ்பியும் அப்படித்தான். பேர்ல 12, மைக்குக்கு 4. இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை, ஸ்டீரியோ ஜோடியை ரெண்டா எண்ணுறது இந்தத் தொழில்ல வழக்கம். நமக்குத்தான் அந்த வழக்கம் தெரியாது.

இப்போ மூணாவது எண். மேல சொன்ன ரெண்டு மிக்ஸருமே யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்புறது 2 ட்ராக் மட்டும். ஃபேடர்களை எல்லாம் ஏத்தி இறக்கி நீங்க கலந்து முடிச்ச ஸ்டீரியோ கலவை அது. ஸ்பெசிஃபிகேஷன் தாள்ல "2 இன், 2 அவுட்" னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் படிச்சிருந்தா எங்களுக்கு இந்தக் கதையே இல்லை. விலை குறைஞ்ச யூஎஸ்பி மிக்ஸர்கள்ல பெரும்பாலானது இந்த ரகம்தான். ஒவ்வொரு சேனலும் தனியா போகணும்னா "மல்ட்டிட்ராக்" னு தெளிவா எழுதியிருக்கணும். எழுதலைன்னா இல்லைன்னே வெச்சுக்கோங்க.

அதைவிட பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. சில மலிவு மிக்ஸர்கள்ல யூஎஸ்பி ஓட்டை முன்பக்கத்துலயே இருக்கும், பக்கத்துல ஒரு சின்ன டிஸ்ப்ளே, ப்ளூடூத், எம்பி3 னு எல்லாம் இருக்கும். அது பென்டிரைவ் சொருகிப் பாட்டு போடுறதுக்கு. பென்டிரைவ்ல கலவையை எம்பி3-ஆ பதிவு பண்ற வசதி சிலதுல உண்டு, ஆனா கம்ப்யூட்டரோட பேசாது. எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓட்டையோட வடிவத்தைப் பாருங்க. பென்டிரைவ் நுழையற தட்டையான ஓட்டைன்னா அது பெரும்பாலும் பாட்டு போடத்தான். பிரிண்டர் கேபிள் நுழையற மாதிரி சதுரமான ஓட்டை இருந்தா கம்ப்யூட்டருக்குப் போகும். புதுசா வர்றதுல டைப்-சி இருக்கும், அப்போ தாளைப் படிச்சுத்தான் ஆகணும். கடையில மிக்ஸரோட முகத்தை மட்டும் காட்டுவாங்க. நீங்க திருப்பி முதுகைப் பாருங்க.

அப்போ ரெண்டு ட்ராக் மிக்ஸர் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாத விஷயமே இதுதான்: அந்த மிக்ஸரை வெச்சே எங்க மூணாவது பாட்டைக் காப்பாத்தியிருக்கலாம்.

ஒவ்வொரு சேனல்லயும் பேன் னு ஒரு நாப் இருக்குமே, சத்தத்தை இடது வலது பக்கம் நகர்த்துறது. பாடுற ரெண்டு பேரோட பேனையும் முழுசா இடப்பக்கம் திருப்பிடுங்க. மிச்ச வாத்தியம் எல்லாத்தையும் முழுசா வலப்பக்கம். இப்போ பதிவு பண்ணினா இடது ட்ராக்ல குரல் மட்டும், வலது ட்ராக்ல வாத்தியம் மட்டும். ஆடாசிட்டில அந்த ஸ்டீரியோ ட்ராக்கை ரெண்டு மோனோவா பிரிச்சு, ரெண்டையும் நடுவுக்குக் கொண்டு வந்து, குரலை எவ்வளவு வேணுமோ ஏத்திக்கலாம். இடது வலது பரவல் போயிடும்தான். ஆனா பாடுறவங்க குரல் கேட்கும். ஒரு நாப்பைத் திருப்பத் தெரியாததால ஒரு பாட்டு போச்சு.

அடுத்தது, ஒவ்வொருத்தரா வாசிச்சு அடுக்குறது. முதல்ல தாளத்தையும் ஒரு மாதிரிப் பாட்டையும் பதிவு பண்ணிட்டு, அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே மத்தவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாசிக்கணும். ஓவர்டப் னு சொல்லுவாங்க. இதுக்கு 2 ட்ராக் தாராளம். ஒரே ஒரு எச்சரிக்கை: லேப்டாப்ல இருந்து திரும்பி வர்ற பழைய பாட்டு, மெயின் கலவையில சேர்ந்து மறுபடியும் லேப்டாப்புக்கே போகக் கூடாது. போனா ஒவ்வொரு தடவையும் பழைய பாட்டும் புது வாசிப்பும் ஒட்டிக்கிட்டே வரும். யூஎஸ்பி-ல இருந்து வர்றதை ஹெட்போனுக்கு மட்டும் அனுப்ப மிக்ஸர்ல ஒரு பட்டன் இருக்கான்னு வாங்கும்போதே பாருங்க.

சினிமாப் பாட்டு, பாப், ராப் எல்லாம் இப்படி அடுக்கினா அழகா வரும். ஆனா பாடுறவங்களும் மிருதங்கக்காரரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, அந்த நேரத்துக்கு என்ன தோணுதோ அதை வாசிக்கிற குழுன்னா அடுக்குறதுல உயிர் போயிடும்ங்கிறது என் கருத்து. ஹெட்போன்ல இருக்கிற குரலுக்கு வாசிக்கிற மிருதங்கம், எதிர்ல உட்கார்ந்து பாடுறவங்களுக்கு வாசிக்கிற மிருதங்கம் மாதிரி இருக்காது. நாங்க முயற்சி பண்ணிப் பார்த்துட்டோம். எங்க குழு ரெண்டாவது ரகம், அதனாலதான் தனி ட்ராக் எங்களுக்கு அவ்வளவு தேவையா இருந்தது. மிக்ஸர் தேடுறதுக்கு முன்னாடி நீங்க எந்த ரகம்னு குழுவுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கோங்க.

மேடையும் வேணுமா, ரெக்கார்டிங் மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொன்னா பாதிக் காசு மிச்சம். ரெக்கார்டிங் மட்டும்தான்னா உங்களுக்கு மிக்ஸரே வேண்டாம்! ஆடியோ இன்டர்ஃபேஸ் னு ஒரு பெட்டி இருக்கு. ஃபேடர் கிடையாது, எஃபெக்ட் கிடையாது, பார்க்க ஒண்ணுமே இருக்காது. மைக்ல இருந்து வர்றதை அப்படியே தனித்தனியா கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பெரிங்கர் யூஎம்சி404எச்டி-ல 4 மைக், 4 தனி ட்ராக். யூஎம்சி1820-ல 8 மைக். முதல்ல சொன்னது கிட்டத்தட்ட நாங்க மிக்ஸருக்குக் கொடுத்த விலை வட்டாரம்தான். கடையில எங்களுக்கு அதைக் காட்டவும் இல்லை, நாங்க கேட்கவும் இல்லை.

"ஆறு பேருக்கு 4 எப்படிப் போதும்?" னு கேப்பீங்க. போதும். ரெண்டு குரல், வயலின், மிருதங்கம், நாலு முடிஞ்சது. கீபோர்டை யூஎஸ்பி-ல நேரா லேப்டாப்புக்குக் கொடுத்து மிடி-யா பதிவு பண்ணலாம். எந்தக் கட்டையை எப்போ எவ்வளவு வேகமா அழுத்தினாங்கங்கிற தகவல்தான் அதுல போகும், சத்தம் இல்லை. அதனால அதுக்கு ஆடியோ சேனலே செலவாகாது, தப்பா அழுத்தின கட்டையை அப்புறமா திருத்தக்கூட செய்யலாம். கிட்டாரை மட்டும் பின்னாடி அடுக்கிக்கலாம்.

மேடையும் வேணும், தனித்தனி ட்ராக்கும் வேணும்னா மல்ட்டிட்ராக் மிக்ஸர். ஜூம் லைவ்ட்ராக் எல்-8 ல 6 மைக் சொருகலாம், லேப்டாப்பே இல்லாம எஸ்டி கார்டுல ஒவ்வொரு சேனலும் தனி ஃபைலா விழும். டாஸ்காம் மாடல் 12 னு ஒண்ணு, அதுலயும் எஸ்டி கார்டு பதிவு உண்டு. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே கம்ப்யூட்டருக்கு 14 ட்ராக் அனுப்பும். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 ல ஃபேடரே இருக்காது, டேப்லெட்ல இருந்துதான் இயக்கணும், 16 மைக், 18 ட்ராக். இதுல ஒரு வேடிக்கை, அதே குடும்பத்துல கொஞ்சம் விலை குறைஞ்ச எக்ஸ்ஆர்16 பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா கம்ப்யூட்டருக்கு மல்ட்டிட்ராக் அனுப்புற வேலை அதுகிட்ட கிடையாது, பென்டிரைவ்ல ஸ்டீரியோ பதிவு மட்டும்தான். பேர்ல ரெண்டு எண் மாறினா என்ன ஆகும்னு பாருங்க. இதெல்லாம் எங்க 12,000-ஐ விடப் பல மடங்கு. அதனால குழுவா வாங்குறதைவிட, கல்லூரி இசை மன்றத்துக்கு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறதுதான் சரி. ஒருநாள் வேலைக்கு வாடகைக்கும் எடுக்கலாம், மைக்செட் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க. நாலு பாட்டு பதிவு பண்ண ஒருநாள் வாடகை போதும்னு எங்களுக்கு அப்போ தோணவே இல்லை, சொந்தமா வாங்கணும்ங்கிற வெறி.

நம்ம ரெண்டாம் வருஷ லேப் இங்க உதவும்

சரி, மைக் சொருகுற ஓட்டைக்கும் மத்த ஓட்டைக்கும் என்ன வித்தியாசம்? ஷூர் எஸ்எம்58 னு ஊரெல்லாம் இருக்கிற மைக்கை எடுத்துப்போம். 94 டெசிபெல் ஒலியழுத்தத்துல அது தர்றது வெறும் 1.85 மில்லிவோல்ட். மிக்ஸருக்குள்ள வேலை நடக்கிறது கிட்டத்தட்ட 1.23 வோல்ட்ல. விகிதத்தைப் போட்டா சுமார் 660 மடங்கு, அதாவது 56 டெசிபெல் பெருக்கம். இதைப் பண்றதுதான் ப்ரீஆம்ப். சேனலோட உச்சியில கெயின் னு இருக்கிற நாப் இதோடதுதான். லைன் ஓட்டையில மைக்கைச் சொருகினா இந்தப் பெருக்கம் கிடைக்காது, எங்கோ கிணத்துக்குள்ள பாடுற மாதிரி இருக்கும்.

நம்ம ஊர்ல இது அடிக்கடி நடக்கும், காரணம் கேபிள். மலிவு மைக் வாங்கினா கூடவே வர்ற கேபிள்ல ஒரு முனையில மூணு பின் கேனான், மறுமுனையில பி-38 பின் இருக்கும். ஆம்ப்ளிஃபையர்ல சொருகுறதுக்காக வர்ற கேபிள் அது. மிக்ஸர்ல பி-38 எங்க நுழையுதோ அங்க சொருகுவோம், அது லைன் ஓட்டை. சத்தம் வரலைன்னு மிக்ஸரைத் திட்டுவோம். ரெண்டு முனையிலயும் கேனான் இருக்கிற கேபிளுக்குத் தனியா காசு ஒதுக்குங்க. ரெண்டு ஒயர்லயும் ஒரே சிக்னல் எதிரெதிரா போகும், வழியில ஒட்டிக்கிற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒட்டும், கடைசியில வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போயிடும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர், சிஎம்ஆர்ஆர் னு வைவாவுக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். சாலிடரிங் தெரிஞ்சவங்க நீளக் கேபிளும் பின்னும் தனியா வாங்கி நீங்களே பத்த வெச்சா பாதி விலை. சென்னைப் பக்கம் இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட் போதும்.

அடுத்தது வயலின்ல ஒட்டுற பிக்கப். மலிவா கிடைக்கிற பீசோ பிக்கப்பை நேரா லைன் ஓட்டையில சொருகினா தகர டப்பா சத்தம் வரும். பிக்கப் மோசம்னு தூக்கிப் போட்டுடாதீங்க. பீசோங்கிறது மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு கெப்பாசிட்டர். அதை 10 நானோஃபாரட்னு வெச்சுக்குவோம். லைன் ஓட்டையோட இன்புட் இம்பிடன்ஸ் 10 கிலோஓம்னு எடுத்துப்போம். ரெண்டும் சேர்ந்தா ஒரு ஹைபாஸ் ஃபில்டர். கட்ஆஃப் கணக்குப் போடுங்க: 1-ஐ 2 பை ஆர்சி-யால வகுத்தா சுமார் 1,590 ஹெர்ட்ஸ். மேற்கத்திய சுருதியில வயலினோட கீழ்த்தந்தியே 196 ஹெர்ட்ஸ். நம்ம கச்சேரி வயலின்ல அதுக்கும் கீழ இறக்கித்தான் கட்டுவாங்க. ஆக, வாத்தியத்தோட உடம்பு முழுக்க வெளியில நிக்குது, உரசல் மட்டும் உள்ள வருது! அதே பிக்கப்பை 1 மெகாஓம் ஓட்டையில சொருகினா கட்ஆஃப் 16 ஹெர்ட்ஸுக்குப் போயிடும், எல்லாம் உள்ள வந்துடும். மிக்ஸர்ல "ஹை-இசட்" இல்லைன்னா "இன்ஸ்ட்ருமென்ட்" னு எழுதின பட்டன் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அதிக இன்புட் இம்பிடன்ஸ் இருக்கிற டிஐ பாக்ஸ் ஒண்ணு வாங்கணும், அந்தச் செலவையும் மிக்ஸர் விலையோட சேர்த்துக் கணக்குப் பண்ணுங்க.

48 வோல்ட் பட்டன் பத்தி ஒரு வார்த்தை. கண்டென்சர் மைக்குக்கு இது கட்டாயம் வேணும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குக்கு வேண்டாம், ஆனா சரியான கேனான் கேபிள்ல இருந்தா அது பாட்டுக்கு இருக்கும், ஒண்ணும் ஆகாது. மலிவு மிக்ஸர்கள்ல எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே பட்டன்தான். பேரே தெரியாத சில பெட்டிகள்ல 48 னு எழுதியிருக்கும், உள்ள இருக்காது. கையில மல்டிமீட்டர் இருக்கிற பசங்கதானே நாம. கேனான் ஓட்டையில 1-க்கும் 2-க்கும் நடுவுல, அப்புறம் 1-க்கும் 3-க்கும் நடுவுல அளந்து பாருங்க. தரநிலைப்படி 44-ல இருந்து 52 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கடையில இன்னும் ரெண்டு சோதனை பண்ணலாம். எதையும் சொருகாம, ஹெட்போன் போட்டுக்கிட்டு ஒரு மைக் சேனலோட கெயினை மெதுவா முழுசுக்கும் ஏத்துங்க. லேசா "ஸ்ஸ்" னு வர்றது இயற்கை. 150 ஓம் ரெசிஸ்டர் சும்மா இருந்தாலே அறை வெப்பத்துல 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும், அதை யாராலயும் தடுக்க முடியாது. ஆனா முக்கால் தூரம் வரைக்கும் அமைதியா இருந்துட்டு கடைசியில திடீர்னு மழை கொட்டுற மாதிரி வந்தா, மெதுவா பாடுறவங்களுக்கும் புல்லாங்குழலுக்கும் அந்த மிக்ஸர் ஆகாது. ரெண்டாவது, உங்க லேப்டாப்பைக் கையோட கொண்டு போய் அங்கயே ஒரு நிமிஷம் பதிவு பண்ணிப் பாருங்க. எத்தனை ட்ராக் வருதுன்னு கண்ணால பார்த்துட்டுக் காசு கொடுங்க.

எஃபெக்ட் நிறைய இருக்குன்னு ஆசைப்படாதீங்க. ரெக்கார்டிங்ல எக்கோவும் ரிவர்பும் கூடவே பதிவாகிட்டா அப்புறம் எடுக்க முடியாது. காஞ்ச குரலா பதிவு பண்ணிட்டு, பின்னாடி சாஃப்ட்வேர்ல போட்டுக்கிறதுதான் நல்லது. 192 கிலோஹெர்ட்ஸ் விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் நமக்கு ஏகப்பட்டது. உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வெச்ச பவர்டு மிக்ஸர் நமக்குத் தேவையே இல்லை, அந்தக் காசும் அந்த எடையும் ஸ்பீக்கருக்கு. பழசு வாங்குறவங்க அடாப்டர் கூட இருக்கான்னு பாருங்க. பல சின்ன மிக்ஸர்களுக்குத் தனி வடிவ அடாப்டர், அது தொலைஞ்சா மிக்ஸர் வெறும் பேப்பர் வெயிட்.

மிக்ஸர் காப்பாத்தாத விஷயங்கள்

இவ்வளவு சொல்லிட்டு இதையும் சொல்லணும். எட்டு ட்ராக் தனியா வந்தாலும், ஒரே அறையில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா அக்கா மைக்ல மிருதங்கம் விழத்தான் செய்யும். அந்த மிருதங்கத்தைக் குறைக்க முடியாது. இதுக்குப் பழைய விதி ஒண்ணு இருக்கு: வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ, அதுபோல மூணு மடங்கு தூரமாவது அடுத்த மைக்கு வரைக்கும் இருக்கணும். 10 சென்டிமீட்டர்ல பாடினா அடுத்த மைக் 30-க்கு அப்பால. அந்தத் தூரத்துல பக்கத்து மைக்ல விழுற சத்தம் ஒன்பதரை டெசிபெல் குறைவா இருக்கும். மிருதங்கம் பலமான வாத்தியம்கிறதால நாங்க இப்போ ரெண்டு மீட்டர் தள்ளி உட்கார வைக்கிறோம், பாடுறவங்களைப் பார்த்த மாதிரி. மைக் முதுகு மிருதங்கத்தைப் பார்த்து இருக்கணும். முன்னாடி கேட்கிறதை எடுத்துக்கிட்டு பின்னாடி வர்றதைத் தள்ளுற மாதிரிதான் இந்த மேடை மைக்குகளைச் செய்யறாங்க.

ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், தெரியும். பாட்டு பாட்டா நிறுத்திப் போட்டுக்கோங்க. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் மெதுவான ஓட்டத்துல வெச்சா கேபிள்ல "ர்ர்ர்" னு கிளப்பிவிடும், அதுவும் போயிடும். லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டுங்க, பாதி ஹம் அங்கயே நின்னுடும். அறைக்குப் பெருசா செலவு வேண்டாம். ஹாஸ்டல் மெத்தை நாலு, போர்வை நாலு, சுவர் ஓரமா சாய்ச்சு வெச்சாலே எதிரொலி அடங்கும். எங்க செமினார் ஹால் மார்பிள் தரை, அங்க பாடினது ரெண்டாவது தப்பு. இப்போ நாங்க ஜமக்காளம் விரிச்ச நூலக மாடி அறையிலதான் பதிவு பண்றோம், மேல்தளம்கிறதால பஸ் சத்தமும் கம்மி.

லெவலையும் சிவப்பு விளக்கைத் தொடுற வரைக்கும் ஏத்தாதீங்க. சாஃப்ட்வேர்ல உச்சம் மைனஸ் 12 பக்கத்துல இருந்தா போதும். 24 பிட்ல சின்னதா பதிவானதைப் பின்னாடி பெருசாக்கலாம், உடைஞ்சு பதிவானதை ஒட்ட முடியாது. பாடுறவங்க ஒத்திகையில பாடுறதைவிட நிஜப் பதிவுல சத்தமா பாடுவாங்க, அந்த இடைவெளியையும் சேர்த்தே வைங்க.

எங்க 12 சேனல் மிக்ஸர் இப்பவும் எங்ககிட்டதான் இருக்கு. விக்கலை. ஜூனியர் பசங்க கல்ச்சுரல்ஸுக்கு எடுத்துட்டுப் போறாங்க, மேடைக்கு அருமையான சாமான். ரெக்கார்டிங்குக்கு 4 மைக் இன்டர்ஃபேஸ் ஒண்ணு பழசா வாங்கினோம். கீபோர்டு தம்பிக்கு மிடி ஒத்து வரலை, அவனுக்கு அவனோட சவுண்டுதான் வேணுமாம். அதனால வயலினையும் கீபோர்டையும் பழைய மிக்ஸர்ல கலந்து, ஒரே சிக்னலா இன்டர்ஃபேஸோட நாலாவது ஓட்டைக்குக் கொடுக்கிறோம். மத்த மூணுல ரெண்டு குரலும் மிருதங்கமும் தனித்தனியா. கிட்டார் அப்புறம்.

டிசம்பர்ல பட்டமளிப்பு விழா. அக்காவும் அண்ணாவும் வர்றாங்க. மறுநாள் காலையில ஒன்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும் நூலக மாடி அறையைக் கேட்டு வாங்கியிருக்கோம். முதல்ல எடுக்கப்போறது அந்த மூணாவது பாட்டைத்தான்.